உள்நாட்டுப் போர் முகாமின் அடுப்பு: தனிக் குவளையா, சிறு மெஸ்ஸா, கம்பெனிச் சமையலா?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து (1861–1865) படைமுகாமை மீட்டுக் காட்டும் குழுக்கள் சட்டைப் பொத்தான், பூட்ஸின் ஆணி, கூடாரத் துணியின் நெசவு வரை ஆராய்ந்து வாங்குகின்றன. சமையல் என்று வந்ததும் அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிடுகிறது. நீல எனாமலில் வெள்ளைப் புள்ளி போட்ட காபிக் கெட்டில், கொல்லன் அடித்த கனத்த முக்காலி, வரிசையாகக் கொக்கிகள், மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டி, அதற்குள் கடையில் நறுக்கி வாங்கிய காய்கறிகளோடு மாட்டிறைச்சிக் குழம்பு. எல்லாம் பழையதுபோலத் தெரியும். ஆனால் புள்ளி எனாமல் பாத்திரங்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1870களில்தான். நாள் முழுக்க நடந்த காலாட்படை வீரன் இரும்பு முக்காலியைத் தோளில் சுமக்கவும் இல்லை.

ஆகவே முகாம் சமையலைத் திட்டமிடும் குழு பாத்திரப் பட்டியலில் தொடங்கக் கூடாது. ரேஷனில் தொடங்க வேண்டும். யார், எப்போது, எதைப் பச்சையாக அளந்து கொடுத்தார்கள்? வாங்கியவன் அதை எங்கே வைத்துக்கொண்டான்? யாரோடு சேர்ந்து சமைத்தான்: தனியாகவா, நாலைந்து பேர் சேர்ந்த சிறு மெஸ்ஸாகவா, கம்பெனி என்ற படைப்பிரிவு முழுவதுமாகவா? இந்த மூன்றும் தெளிவானால் எந்தப் பாத்திரம் வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிடும். ரேஷன் தவறாக இருந்தால் அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து வந்த சட்டியில் சமைத்தாலும் அது 1863ஆம் ஆண்டின் சாப்பாடு ஆகாது.

போரின் பெரும்பகுதியில் வடக்குப் படையின் ஒரு நாள் ரேஷன் இதுதான். இறைச்சியில் 12 அவுன்ஸ் (340 கிராம்) உப்பிட்ட பன்றி இறைச்சி அல்லது பேக்கன் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி). அது இல்லையென்றால் ஒன்றேகால் பவுண்டு (567 கிராம்) மாட்டிறைச்சி. ரொட்டியில் 22 அவுன்ஸ் மென்ரொட்டி அல்லது மாவு, அல்லது ஒரு பவுண்டு ஹார்ட்டேக் என்ற கெட்டி பிஸ்கட், அல்லது ஒன்றேகால் பவுண்டு மக்காச்சோள மாவு. மற்றவை நூறு பேருக்கு மொத்தமாகக் கணக்கிடப்பட்டன: பீன்ஸ் அல்லது பட்டாணி 15 பவுண்டு, அரிசி 10 பவுண்டு, சர்க்கரை 15 பவுண்டு, வறுக்காத காபிக்கொட்டை 10 பவுண்டு அல்லது வறுத்தது 8 பவுண்டு, வினிகர் 4 குவார்ட், உப்பு 3¾ பவுண்டு. இதைத் தலைக்கு வகுத்தால் பீன்ஸ் 68 கிராம், அரிசி 45 கிராம், சர்க்கரை 68 கிராம், வறுத்த காபி 36 கிராம், வினிகர் 38 மில்லிலிட்டர், உப்பு 17 கிராம். கிடைத்த காலத்தில் உருளைக்கிழங்கும் மொலாசஸ் என்ற கரும்புப் பாகும் உண்டு.

படை நடக்கத் தொடங்கியதும் இந்தப் பட்டியல் சுருங்கிவிடும். ஹார்ட்டேக் ஒரு பவுண்டு, பன்றி இறைச்சி முக்கால் பவுண்டு அல்லது புதிய மாட்டிறைச்சி ஒன்றேகால் பவுண்டு, காபி, சர்க்கரை, உப்பு: அவ்வளவுதான். பீன்ஸும் அரிசியும் வினிகரும் நின்றுவிடும். எனவே முதலில் முடிவு செய்ய வேண்டியது உங்கள் முகாம் காட்டுவது நடைப்பயணத்தையா, தங்கலையா என்பது. 1863 ஜூலை கெட்டிஸ்பர்க் போர்க்களம் என்று பலகை வைத்துவிட்டு அடுப்பில் பீன்ஸ் சூப் கொதிக்க விடக் கூடாது. அதே சூப் 1863–64 குளிர்காலத்து பிராண்டி ஸ்டேஷன் முகாமுக்கு மிகச் சரியாகப் பொருந்தும்.

தனிக் குவளை

நடைப்பயணத்தைக் காட்டுவதென்றால் ஒவ்வொருவரும் தன் பங்கைத் தானே சமைப்பதுதான் வரலாறு. கருவிகள் மிகக் குறைவு: சுமார் 4 அங்குல உயரமும் 4 அங்குல விட்டமும் உள்ள தகரக் குவளை (ஏறக்குறைய 800 மில்லிலிட்டர் பிடிக்கும்), தட்டு, கரண்டி, கத்தி, காபியும் சர்க்கரையும் கலந்து வைத்த துணிப்பை. பழைய பழ டின்னில் கம்பி கட்டிக் காபி காய்ச்சியவர்களும் நிறையப் பேர். கேன்டீன் என்ற தண்ணீர்க் குடுவையின் இரண்டு பாதிகளையும் நெருப்பில் காட்டி, பற்றவைத்த மூட்டைப் பிரித்து, ஒரு பாதியைப் பிளந்த குச்சியில் செருகி வறுக்கும் சட்டியாக்கியதும் வழக்கத்தில் இருந்தது.

செலவு மிகக் குறைந்த வழி இது. அடுப்புக்குழியும் தேவையில்லை, இரண்டு மூன்று பேருக்கு ஒரு சிறு தணல் போதும். ஆனால் தவறு நடக்கவும் இதில்தான் வாய்ப்பு அதிகம்.

முதல் தவறு வரிசையில் நடக்கிறது. இருப்பது ஒரே குவளை. அதில் முதலில் பன்றி இறைச்சியை அவித்துவிட்டால் பிறகு அதில் காய்ச்சும் காபியின் மேல் கொழுப்பு மிதக்கும். காபியை முதலில் முடியுங்கள். ஒரு வேளைக்கு 18 கிராம் கொட்டை, 400 மில்லிலிட்டர் தண்ணீர். கொட்டையைத் துணிப்பையில் போட்டுக் கல்லால் நொறுக்குங்கள். பயனெட் என்ற துப்பாக்கி முனைக் கத்தியின் குழல் பகுதியால் இடித்தவர்களும் உண்டு. தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கி, நான்கைந்து நிமிடம் மூடி வைத்து, மேலே ஒரு கை குளிர்ந்த நீர் தெளித்தால் தூள் அடியில் படியும். காபி இயந்திரத்துக்கு அரைப்பதுபோல நைசாக அரைத்துக்கொண்டு வருபவர்கள் வாய் நிறைய மண்டியைக் குடிக்க நேரும்.

இரண்டாவது தவறு தகரத்தைப் பற்றியது. குவளையின் வெள்ளீயப் பூச்சு 232 டிகிரி செல்சியஸில் உருகும். பற்றவைத்த உலோகக் கலவை அதற்கும் முன்பே இளகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை குவளை 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. வெறும் குவளையைத் தீயில் வைத்தாலோ தண்ணீர் வற்றும்வரை மறந்தாலோ மூட்டுவாய் பிளந்துவிடும். வாங்கும்போது காரீயம் கலக்காத பற்றுதானா என்று கேட்டே வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்து 'பழைய பாணித் தகரம்' என்று விற்கப்படும் பாத்திரங்களை அடுப்பருகே கொண்டுவரவே வேண்டாம். வினிகரும் தக்காளியும் பட்டால் துத்தநாகம் கரையும். கடும் சூட்டில் அதன் புகையும் நல்லதல்ல. பாதிக் கேன்டீன் சட்டிக்கும் இதே எச்சரிக்கைதான். அதில் எப்போதும் கொழுப்பு இருக்க வேண்டும், கீழே கொழுந்துவிடும் தீ கூடாது, தணல் மட்டும்.

எந்த இறைச்சி?

இந்தக் கேள்வியில் குழுக்கள் அதிகமாகத் தடுமாறுகின்றன. இது உடல்நலத்தோடு நேராகத் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

1860களின் உப்பிட்ட பன்றி இறைச்சி 200 பவுண்டு பிடிக்கும் பீப்பாய்களில், கடும் உப்புநீரில் மூழ்கி வந்தது. இன்று பல்பொருள் அங்காடியில் அதே பெயரில் விற்பது அது அல்ல. உப்பு குறைவு, குளிர்பதனத்தை நம்பித் தயாரிக்கப்படுவது. துண்டு போட்டுப் பொட்டலமிட்ட பேக்கன் அதைவிட மோசம். அதில் பெரும்பாலும் உப்புநீரை ஊசியால் ஏற்றியிருப்பார்கள், ஈரம் அதிகம். இந்த இரண்டையும் ஜூலை வெயிலில் தோள்பையில் இரண்டு நாள் வைத்திருந்தால் நோய் வரும் அபாயம் பெரிது. 'அன்றைக்கு அப்படித்தானே வைத்திருந்தார்கள்' என்ற வாதம் இங்கே செல்லாது, ஏனென்றால் பொருளே வேறு.

தோள்பையில் சுமக்க ஏற்றது உலர் உப்பில் ஊறி, புகையூட்டி, தொங்கவிட்டு முதிர்ந்த முழுப் பலகை பேக்கன். வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி பகுதிகளில் இன்றும் பழைய முறையில் செய்கிறார்கள். அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று தயாரிப்பாளரே பொட்டலத்தில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். பலகையாகவே கொண்டுவந்து முகாமில் வெட்டுவதுதான் முறை. மேலே பூஞ்சை தெரிந்தால் வினிகர் தொட்ட தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும்.

அதை நேராக வாணலியில் போட்டால் உப்பு தாங்காது. அரை அங்குலத்துக்கும் மெல்லிய துண்டுகளாக வெட்டிக் குளிர்ந்த நீரில் போட்டு, அது கொதித்த பிறகு ஐந்து நிமிடம் விட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு வறுக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 340 கிராம் என்ற முழுப் பங்கு ஆபத்து. எடைபோட்டுக் காட்டுவது முழுப் பங்காக இருக்கட்டும், சாப்பிடுவது கால் பங்காக இருந்தால் போதும். மீதியைக் கொழுப்பாக உருக்கிச் சேர்த்து வையுங்கள். அன்றும் அப்படித்தான் சேர்த்தார்கள்.

புதிய மாட்டிறைச்சி வேண்டுமென்றால் ஐஸ் பெட்டி தவிர்க்க முடியாதது. அதை மரப்பெட்டிக்குள் ஒளித்துக் கூடாரத்தில் வைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அது எனக்கு ஏற்புடையதல்ல. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பார்வையாளர் கண்ணில் படும், குழுவினரும் அதற்குள் குளிர்பானம் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். இதைவிட நல்ல வழியை வரலாறே தருகிறது. படையோடு மாட்டு மந்தை ஓட்டிவரப்பட்டது. மாலையில் வெட்டி அன்றே பங்கிட்டார்கள். ஆகவே ஐஸ் பெட்டி முகாமுக்கு வெளியே வண்டியில் இருக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு ரேஷன் வழங்கும் கமிசரி சார்ஜென்ட் இறைச்சியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் எடைபோட்டுக் கொடுக்கட்டும். வாங்கியவர்கள் உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வரலாறும் பாதுகாப்பும் இங்கே ஒரே திசையில் இழுக்கின்றன. முழுத் துண்டின் நடுவில் 63 டிகிரி வந்து மூன்று நிமிடம் ஆனால் போதுமானது. ஊசி வெப்பமானியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிறு மெஸ்

நான்கு முதல் ஆறு பேர் பங்கைச் சேர்த்துச் சமைப்பது நடைப்பயணத்துக்கும் பொருந்தும், தங்கலுக்கும் பொருந்தும். ஒருவர் வாணலி சுமப்பார், இன்னொருவர் மூடியுள்ள தகரக் காபிப் பாத்திரம், மூன்றாமவர் விறகு வெட்டும் கைக்கோடரி. வார இறுதி முகாம்களுக்கு இந்த அமைப்பைத்தான் முதலில் பரிந்துரைக்கிறேன். காரணம் ருசி மட்டுமல்ல. ஐந்து பேர் ஒரு தணலைச் சுற்றி உட்கார்ந்து ஒருவன் காபி வறுக்க, ஒருவன் ஹார்ட்டேக் உடைக்க, இன்னொருவன் கொழுப்பை உருக்கும்போது, முகாம் வாழ்க்கை எப்படி இயங்கியது என்பது பார்ப்பவருக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

வாணலி மெல்லிய இரும்புத் தகட்டில் செய்ததாக இருக்கட்டும். வார்ப்பிரும்பு வாணலி அந்தக் காலத்தில் இருந்ததுதான், ஆனால் 10 அங்குல அளவே இரண்டு கிலோவுக்கு மேல். வண்டி வராத நடைப்பயணத்தில் யார் தூக்குவது? தகட்டு வாணலியின் குறை சூடு ஒரே இடத்தில் ஏறுவது. தணலைப் பரப்பிவிட்டு வாணலியை அடிக்கடி திருப்ப வேண்டும்.

ஐந்து பேருக்கு இரண்டு நாள் ரேஷன் முறைப்படி எடுத்தால் ஹார்ட்டேக் நாலரைக் கிலோ, அதாவது நூறு வில்லைகள். பேக்கன் 3.4 கிலோ, வறுத்த காபி 360 கிராம், சர்க்கரை 680 கிராம். ஹார்ட்டேக்கிலும் இறைச்சியிலும் பாதி போதும். காபியைக் குறைக்காதீர்கள், முழுதும் தீர்ந்துவிடும். பங்கிடும் முறையையும் அப்படியே செய்து காட்டலாம். ரப்பர் விரிப்பைத் தரையில் போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் காபிக் குவியல்களும் சர்க்கரைக் குவியல்களும் வைப்பார்கள். சார்ஜென்ட் பெயர்ப் பட்டியலோடு திரும்பி நிற்க, ஒருவன் ஒரு குவியலைக் காட்டி 'இது யாருக்கு?' என்பான். அவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். சண்டை வராமல் இருக்க வந்த ஏற்பாடு இது. பத்து நிமிடத்தில் முடியும் இந்தக் காட்சி குழந்தைகளை நகரவிடாது.

வறுக்காத கொட்டை வாங்குவதா, வறுத்ததா? இரண்டும் வழங்கப்பட்டன. பத்துப் பவுண்டுக்கு ஈடு எட்டுப் பவுண்டு என்ற கணக்கே வறுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு எடை போகும் என்று சொல்கிறது. பார்வையாளர் வரும் நேரத்தில் பச்சைக்கொட்டையை வறுப்பது மிகச் சிறந்த செய்முறை. 200 கிராம், மிதமான தணல், 15 முதல் 20 நிமிடம் கை நிறுத்தாமல் கிளற வேண்டும். கை நின்றால் ஒரு பக்கம் கரியும், மறுபக்கம் புல் வாசனையோடு நிற்கும். காலை முதல் காபிக்கு மட்டும் முன்பே வறுத்ததை வைத்துக்கொள்ளுங்கள். பசித்த வயிற்றோடு வறுத்தால் பொறுமை இருக்காது.

மெஸ் சாப்பாட்டில் இரண்டு பழகினால் போதும். ஒன்று ஸ்கில்லிகலீ: ஹார்ட்டேக்கைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பன்றிக் கொழுப்பில் பொன்னிறமாக வறுப்பது. கெட்டியாகச் சுட்ட வில்லை நடுவரை நனைய இரண்டு மணி நேரமாவது ஆகும், இரவே ஊறப்போடுவது நல்லது. வெந்நீர் ஊற்றினால் வெளிப்பக்கம் பசையாகும், நடு கல்லாகவே இருக்கும். துணியில் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே கொழுப்பில் போட வேண்டும். இன்னொன்று லாப்ஸ்கௌஸ். உப்பு நீக்கிய இறைச்சி அரைக் கிலோ, உருளைக்கிழங்கு 600 கிராம், வெங்காயம் மூன்று, நொறுக்கிய ஹார்ட்டேக் எட்டு, தண்ணீர் இரண்டரை லிட்டர். இறைச்சியை ஒரு மணி நேரம் வேகவிட்டுக் கிழங்கும் வெங்காயமும் சேர்த்து, கடைசி இருபது நிமிடத்தில் ஹார்ட்டேக்கைப் போட வேண்டும். முன்பே போட்டால் அடிப்பிடிக்கும். கடைசிவரை ருசி பார்க்காமல் உப்பு சேர்க்க வேண்டாம். கிழங்கில் ரஸெட் பர்பாங்க் மட்டும் கூடாது. அந்த வகையின் மூலமே 1870களில்தான் உருவானது. சிவப்புத் தோல் கிழங்கோ சிறு வெள்ளைக் கிழங்கோ போதும்.

சைவ உணவுக்காரர்கள் இந்த முகாமில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஹார்ட்டேக் என்பது மாவும் தண்ணீரும்தான். தங்கல் முகாமில் பீன்ஸ், அரிசி, உருளைக்கிழங்கு, மொலாசஸ், காபி எல்லாமே படை கொடுத்த பொருள்கள். முகாம் வியாபாரிகளான சட்லர்களிடம் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் டின் பழங்களும் கிடைத்தன. தனியாக ஒரு சிறு வாணலி வைத்துக்கொண்டு, இறைச்சிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெயில் வறுத்தால் போதும்.

ஹார்ட்டேக்: வாங்குவதா, சுடுவதா

சுடுங்கள். மாசசூசெட்ஸின் மில்டனில் 1801இல் தொடங்கிய பென்ட் நிறுவனம் போர்க்காலத்திலும் ஹார்ட்டேக் சுட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் மாலுமி பிஸ்கட்டுகளில் பலவும் கொழுப்பும் ஈஸ்ட்டும் சேர்ந்தவை, அளவும் வேறு. உண்மையான வில்லை 3⅛ அங்குல நீளம், 2⅞ அங்குல அகலம், அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிமன். ஒரு பவுண்டுக்கு ஒன்பது அல்லது பத்து நிற்கும்.

அரைக் கிலோ மைதா வகைக் கோதுமை மாவுக்கு 190 முதல் 200 மில்லிலிட்டர் தண்ணீர். ஈஸ்ட் இல்லை, கொழுப்பு இல்லை. மாவு முதலில் சேரவே சேராது என்று தோன்றும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணியில் மூடி அரை மணி நேரம் விட்டால் வழிக்கு வரும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தேய்த்து வெட்டினால் ஒவ்வொன்றும் பச்சையில் 65 முதல் 68 கிராம் இருக்க வேண்டும். சுட்டு உலர்ந்த பின் 45 கிராமில் நிற்கும். நான்குக்கு நான்காகப் பதினாறு துளைகளை அடிவரை குத்துங்கள். பாதியில் நின்ற துளை ஆவியை வெளியே விடாது, வில்லை பூரிபோல உப்பிவிடும். 190 டிகிரியில் அரை மணி நேரம், திருப்பிப் போட்டு இன்னொரு அரை மணி நேரம். பிறகு 110 டிகிரியில் குறைந்தது இரண்டு மணி நேரம் உலர்த்த வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விடுகிறார்கள். மேலே கல்லாக இருக்கும், நடுவில் ஈரம் நிற்கும், ஒரு வாரத்தில் பூஞ்சை வரும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடு நிறம் மாறாமல் உலர்ந்து, 'டக்' என்று உடைய வேண்டும். வளைந்தால் மீண்டும் அடுப்பில் வையுங்கள். சுட்டதைக் காற்றுப் புகும் துணிப்பையிலோ மரப்பெட்டியிலோ வைப்பது நல்லது. பிளாஸ்டிக் பையில் அடைத்தால் மிச்ச ஈரம் வெளியேற வழியில்லை. பற்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஊறவைக்காமல் கடிக்க வேண்டாம்.

எல்லா முகாமுக்கும் ஹார்ட்டேக் பொருத்தமும் அல்ல. பீட்டர்ஸ்பர்க் முற்றுகைக் காலத்தில், 1864 நடுவிலிருந்து 1865 ஏப்ரல் வரை, வடக்குப் படையின் கிடங்கு இருந்த சிட்டி பாயின்ட்டின் பேக்கரிகள் நாளுக்கு ஒரு லட்சம் ரேஷன் அளவுக்கு மென்ரொட்டி சுட்டன. அந்தக் களத்தைக் காட்டும் குழு பெரிய உருண்டை ரொட்டி வைப்பதே சரி.

கம்பெனிச் சமையல்

முப்பது நாற்பது பேருக்கு ஒரே சமையல்கூடம் என்பது பயிற்சி முகாமுக்கும் குளிர்காலத் தங்கலுக்கும் உரியது. பார்வைக்கு இதைவிடச் சிறப்பான காட்சி இல்லை: கவட்டைக் கம்பு இரண்டு, குறுக்கே ஒரு கட்டை, அதில் தொங்கும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரும்புத் தகட்டுத் தூக்குவாளிகள். வாளிகள் 13 முதல் 15 அங்குல உயரம், 7 அங்குலம் முதல் ஓரடி வரை விட்டம். பெரியதில் இருபது லிட்டர் தாராளமாகக் கொதிக்கும்.

நாற்பது பேருக்குப் பீன்ஸ் 2.7 கிலோ. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். பிறகுதான் மெல்லிய சூடு. வேகாத பீன்ஸில் உள்ள லெக்டின் என்ற நஞ்சு வயிற்றைப் பிடுங்கும், சிவப்பு பீன்ஸில் அது மிக அதிகம். மெல்லிய சூட்டில் மட்டும் வேகவைத்தால் அந்த நஞ்சு போகாது. தகட்டு வாளியின் அடி மெல்லியது, பீன்ஸ் கெட்டியாகும் நேரத்தில் அடிப்பிடித்தால் நாற்பது பேர் சாப்பாடும் போய்விடும். வாளியை உயர்த்தித் தொங்கவிட்டு, ஒருவர் மரத்துடுப்போடு அங்கேயே நிற்க வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர் கொதிக்கவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு மணிக்குக் காபி வேண்டுமென்றால் ஐந்துக்கு முன்பே தீ மூட்டியிருக்க வேண்டும்.

மண்குழி பீன்ஸும் அன்று செய்தார்கள். இரண்டடிக் குழியில் கடினமான விறகை இரண்டு மூன்று மணி நேரம் எரித்து, தணலில் பாதியை வெளியே எடுத்து, கொதிக்கக் கொதிக்க இருக்கும் வாளியை மூடியோடு இறக்கி, எடுத்த தணலை மேலே கொட்டி மண் போட்டு இரவு முழுவதும் விடுவது. ஈர மண்ணிலும் ஓக், ஹிக்கரி இல்லாத இடத்திலும் இதை முயல வேண்டாம். தணல் போதாவிட்டால் வாளி நள்ளிரவில் வெதுவெதுப்பாகி, காலைவரை கிருமி வளர இடம் கொடுக்கும். காலையில் நடுவில் 60 டிகிரிக்குக் கீழ் காட்டினால் மீண்டும் கொதிக்கவைத்துச் சரிசெய்ய முயலாமல் கொட்டிவிடுங்கள். அகழ்வுக்குத் தடையுள்ள போர்க்களப் பூங்காக்களில் குழியே கிடையாது. அங்கே நிலத்துக்கு மேல் உயர்த்திய இரும்புத் தொட்டி நெருப்பைத்தான் அனுமதிப்பார்கள். பார்வையாளருக்கு ஒரு கரண்டி கொடுத்தாலும் உள்ளூர் சுகாதாரத் துறையின் விதிகள் குறுக்கிடலாம், ஆகவே இடத்தை நடத்துபவர்களிடம் முன்பே கேளுங்கள்.

கம்பெனிச் சமையலை எடுத்துக்கொள்ளும் குழுவுக்கு இன்னொரு கடமை உண்டு. 1863 மார்ச் 3ஆம் தேதிச் சட்டப்படி முப்பது பேருக்குக் குறைந்த கம்பெனிக்கு ஒரு சமையல்காரர், அதற்கு மேல் இருவர். படைவீரர்களிலிருந்தே முறைவைத்து, ஆளுக்குப் பத்து நாள். அதாவது கற்றுக்கொள்ளும் நேரத்தில் வேலை மாறிவிடும். 1862இல் கேப்டன் ஜேம்ஸ் சாண்டர்சனின் சமையல் கையேட்டைப் படைக்கென்று அச்சிட்டதன் தேவை இதிலிருந்து புரியும். அதே சட்டம் ஒவ்வொரு சமையல்காரருக்கும் உதவியாக ஆப்பிரிக்க வம்சாவளியினர் இருவரைச் சேர்க்க அதிகாரம் கொடுத்தது. சம்பளம் மாதம் பத்து டாலர், அதில் மூன்று டாலரை உடையாகக் கொடுக்கலாம். அடிமைத்தளையிலிருந்து தப்பிப் படை முகாமுக்கு வந்தவர்கள் பலர் இந்த அடுப்படியில்தான் உழைத்தார்கள். வெள்ளை வீரர்கள் மட்டுமே கரண்டி பிடிக்கும் ஒரு கம்பெனிச் சமையல்கூடத்தைக் காட்டிவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தால், வாளியின் அளவு அங்குல சுத்தமாக இருந்தாலும் காட்டியது பொய். அடுப்பருகே நின்று பேசுபவருக்கு இந்தச் செய்தி மனப்பாடமாக இருக்க வேண்டும்.

எதை எடுப்பது

ஆறு பேருக்குக் குறைந்த புதிய குழு என்றால் சிறு மெஸ். வண்டியை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே வரும் முகாமென்றால், எத்தனை பேரானாலும் தனிக் குவளை. இருபத்தைந்து பேருக்கு மேல், இரண்டு இரவுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கல், சமையலுக்கென்றே மூன்று பேர், அடுப்புக்கு இட அனுமதி: இந்த நான்கும் சேர்ந்தால்தான் கம்பெனிச் சமையல். ஒன்று குறைந்தாலும் பாதி வேகாத பீன்ஸ் மிஞ்சும். பெரிய குழுவாக இருந்தும் ஆட்கள் போதாதென்றால் ரேஷனை மட்டும் கம்பெனியாகப் பங்கிட்டு, சமையலை மெஸ்களாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. வரலாற்றிலும் அப்படித்தான் நடந்தது. படை நகர்ந்த மாதங்களில் கம்பெனிச் சமையல் கலைந்து, பச்சை ரேஷன் ஆள் கைக்குப் போனது.

தெற்குப் படையைக் காட்டும் குழுவுக்கு இதில் சில மாற்றங்கள் உண்டு. ஹார்ட்டேக்குக்குப் பதில் பெரும்பாலும் மக்காச்சோள மாவு. கடல்முற்றுகையால் காபி அரிதாகி, வறுத்த கம்புக்கோதுமை, சிக்கரி, சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு, ஓக் கொட்டை ஆகியவற்றைக் காய்ச்சினார்கள். முக்கியச் சமையல் குஷ்: பேக்கன் கொழுப்பில் இறைச்சித் துண்டுகளை வதக்கி, தண்ணீர் விட்டு, சோளரொட்டித் தூளைப் போட்டு வற்றும்வரை கிளறுவது. இதற்குச் சிறு மெஸ்ஸின் ஒரு வாணலி போதும்.

சிறு மெஸ் என்று முடிவு செய்தவர்கள் பணத்தை இந்த வரிசையில் செலவிடலாம்: ஆளுக்கொரு நல்ல தகரக் குவளை, பிறகு தகட்டு வாணலி ஒன்று, பிறகு மூடியுள்ள காபிப் பாத்திரம். தண்ணீர்க் கேன்டீனில் மட்டும் ஒரு சமரசம் செய்யலாம். உள்ளே துருப்பிடிக்காத எஃகு, வெளியே துணி உறை. துணிக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது, குடிநீர் சுத்தமாக இருக்கும். வாணலியைக் கழுவிய உடனே தணல்மேல் காட்டி உலர்த்திக் கொழுப்புத் தடவி வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போன தகட்டு இரும்பு அடுத்த முகாமுக்குள் துருப்பிடித்திருக்கும்.